ஆள் தின்னும் டை

என் கலியாண வரவேற்புப் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் மாப்பிள்ளை எங்கே என்றுதான் கேட்பார்கள். கோட்டும் டையுமாக நெஞ்சை நிமிர்த்தி நிற்பவர் என் மைத்துனர். அவருக்குப் பக்கத்தில் கழுத்துப் பொத்தான்கூடப் பூட்டாமல், சோடா பரிமாற வந்தவன் தவறிப்போய்ப் படத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது போல நிற்பவன் நான். எளிமையான மனிதர் என்று சில சொந்தக்காரர் இன்றைக்கும் நம்புகிறார்கள். நானும் அவர்களுடைய நம்பிக்கையைக் கெடுப்பதில்லை. மனைவியிடம் டை தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உண்மை அதைவிட வெட்கக்கேடானது. நாலாம் வகுப்புப் படித்த காலத்தில், திருகோணமலையில் ஆள் தின்னும் டை ஒன்று இருக்கிறது என்று நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதை எடுத்து என் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு, தின்னட்டும் என்று கடற்கரை மதிலில் போய்க் குந்திக்கொண்டிருந்தேன். அது என்னைத் தின்னவில்லை. அந்த நாட்களில் என் உடம்பில் தின்னக்கூடியதாய் அதிகம் இருக்கவுமில்லை.

அந்த டை என் சின்ன மாமாவுடையது. அம்மாவின் தம்பி. துறைமுகத்துக்குப் போகும் தெருவில் சின்னதாய் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். வாசலில் நகரத்து மான்கள் இரண்டு மூன்று எந்நேரமும் நின்று, அவர் எறியும் வாழைப்பழத் தோலுக்காகக் காத்திருக்கும். யுத்தம் நடந்த வருடங்கள் அவை. கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும், பாஸுக்குப் படம் வேண்டும். அடையாள அட்டைக்குப் படம், வெளிநாட்டுக்குப் போகப் படம். மற்றக் கடைகளெல்லாம் படுத்துக்கிடக்க, மாமாவின் வியாபாரம் மட்டும் எழும்பி நின்றது. அதற்காக அவர் சந்தோசப்பட்டதாய் எனக்கு நினைவில்லை.

படமெடுக்க வருகிறவர்களுக்காக ஸ்டூடியோவில் ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா, ஒரு டை இருந்தன. மெரூன் நிறம், குறுக்கே வெள்ளிக் கோடுகள். முன்பொரு காலத்தில் துறைமுகக் கந்தோரில் வேலை செய்த யாரோ ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. கழுத்தைச் சுற்றும் பகுதியை எலி தின்றுவிட்டது. மிச்சமிருந்தது முடிச்சும் முன்னால் தொங்கும் துண்டும்தான். முடிச்சைக் கொலரில் நிற்கவைப்பதுதான் மாமாவின் பிரச்சினை.

அதற்காக அவர் செய்த ஆராய்ச்சிகளை விஞ்ஞானம் அறியாது. முதலில் ஊக்குக் குத்திப் பார்த்தார். டை தலைகுனிந்து நின்றது. பிறகு சோடாப் போத்தல் ரப்பர் வளையம் போட்டார். ஆள் சிரித்தவுடன் டை பறந்துபோய் கமராவில் விழுந்தது. உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்பைக் கொலருக்குப் பின்னால் செருகியதில், நிலாவெளி ஆள் ஒருவர் தூக்கில் தொங்குகிறவர் போலப் படத்தில் வந்தார். தூண்டில் முள்ளை வைத்துச் செய்த முயற்சி ஆஸ்பத்திரியில் முடிந்தது.

கடைசியில்தான் மாமா நண்டு என்று பெயர் வைத்த கவ்வி பிறந்தது. பழைய அலாரம் மணிக்கூட்டின் சுருளில் ஒரு துண்டு, பெட்டி மூடியின் பிணைச்சலிலிருந்து அராவியெடுத்த இரண்டு பித்தளைப் பற்கள். முடிச்சுக்குப் பின்னால் மறைந்திருந்து கொலரின் இரண்டு பக்கத்தையும் ஒரே கடியில் கவ்விக்கொள்ளும். எந்தக் கொலரும் சரி. உப்பில் ஊறித் துவண்ட கொலரோ, பொத்தான் போன கொலரோ, நண்டுக்கு எல்லாம் ஒன்றுதான்.

"பிடிச்சுதெண்டா விடாது. காத்தடிச்சாலும் விடாது, கடலில விழுந்தாலும் விடாது" என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் பெருமைப்படுவார். கழற்றுவதற்குத் தட்டையாக அடித்த ஆணி ஒன்று வைத்திருந்தார். அது அவருடைய கைக்கு மட்டும்தான் பழகியிருந்தது. நண்டின் ஒரு கால் மட்டும் இடதுபக்கக் கொலர் நுனிக்குக் கீழே கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் அது சின்னதாய் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். எவ்வளவு அராவியும் அந்தப் புள்ளியை மாமாவால் மறைக்க முடியவில்லை.

எங்கள் வீடு பாலையூற்றில். பள்ளிக்கூடம் நகரத்துக்குள். போகிற வழியில் ஒரு ஆமி முகாமின் வாசல் இருந்தது. காலையில் அங்கே பெண்கள் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம், பொலித்தீன் பையில் சுற்றி. வாசலில் யார் வந்தாலும் படத்தை உயர்த்திக் காட்டுவார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கும்போது நடையைக் கூட்டிவிடுவாள். "ரோட்டைப் பாத்து நட" என்பாள். ரோட்டைப் பார்க்கச் சொன்னால் நான் படத்தைப் பார்க்கிற பிள்ளை.

அப்படிப் பார்த்ததில்தான் கண்டுபிடித்தேன். படங்களில் முகங்கள் வேறு வேறு. டை ஒன்று. மெரூன் நிறம் கறுப்பாக விழுந்திருந்தாலும் குறுக்குக் கோடுகள் தெரிந்தன. இடது கொலருக்குக் கீழே வெள்ளைப் புள்ளி. இந்தப் படத்திலும் புள்ளி, பக்கத்து அம்மா பிடித்திருந்ததிலும் புள்ளி, மதிலில் சாய்ந்து நின்ற கிழவரின் கையிலிருந்ததிலும் புள்ளி.

அன்றைக்குப் பின்னேரம் மாமாவிடம் கேட்டேன். "மாமா, உங்கட டையைக் கட்டின ஆக்களெல்லாம் எங்க போட்டினம்?"

மாமா கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை நின்றது. எழும்பிப்போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உந்தக் கதையை இன்னொருக்கா வாயிலெடுக்காத. வீட்டையும் கதைக்காத, பள்ளிக்கூடத்திலயும் கதைக்காத. விளங்கிச்சோ?"

எனக்கு நன்றாக விளங்கியது. டை சாதாரண டை இல்லை. மாமாவே அதற்குப் பயப்படுகிறார்.

இதற்குச் சில நாட்கள் பிறகு நடந்ததை நினைத்தால், இந்த வயதிலும் என் கை தன்பாட்டில் கழுத்துக்குப் போகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் மாமாவின் ஸ்டூடியோவுக்குப் போய்க் காத்திருப்பது என் வழக்கம். அவர் கடை பூட்டும்போது சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விடுவார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. உள்ளறைக்குக் கூரையிலிருந்த கண்ணாடி ஓட்டால் மட்டும் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. திரைச்சீலையை விலக்கினேன்.

கதிரையில் ஒரு ஆள் இருந்தார். நீலச் சட்டை. கொலர் விறைப்பாக நின்றது. கொலரில் மெரூன் டை, நண்டு கவ்வியபடி நேராகத் தொங்கியது. டைக்கு மேலே ஒன்றுமில்லை. கொலருக்குள்ளால் பின்சுவர் தெரிந்தது.

பக்கத்தில் சல்லி மாமி நிலத்தில் முழங்காலில் நின்றார். சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். சொந்தமில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு மாமியானவர். அவர் அந்தச் சட்டையின் தோளை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நெஞ்சை நிமித்து மோனே. கூனாத. ஒருக்காத்தானே" என்று மெல்லிய குரலில் சட்டையிடம் சொன்னார்.

அந்த நீலச் சட்டையை எனக்குத் தெரியும். மாமியின் மகனுடையது. மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் மாமியை ஏற்றிவந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்குவார். மாமி மீன் நிறுத்து முடியும்வரை என்னை மணியடிக்க விடுவார். மேல் பொத்தான் இரண்டை ஒருநாளும் பூட்டாத மனிதர். இப்போது சட்டை இருந்தது, டை இருந்தது, அவர் இல்லை.

மாமா என்னைக் கண்டுவிட்டு ஓடிவந்து திரையை இழுத்துவிட்டார். "நீ ஒண்டும் காணேல்ல" என்றார். நான் வாசலுக்குப் போய் மான்களோடு நின்றுகொண்டேன். டை தலையிலிருந்துதான் தின்னத் தொடங்கும் என்பது அன்றைக்கு எனக்கு உறுதியாகிவிட்டது. சட்டையை மிச்சம் விடும், வாழைப்பழத் தோல் போல.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மாமியின் மகன் எங்கே என்று கேட்டேன். "கொழும்புக்கு வேலைக்குப் போட்டான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அந்த வருடத்தில் அம்மாவின் கணக்குப்படி எங்கள் பக்கத்துப் பெடியன்கள் எல்லோருமே கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். கொழும்பில் நிற்க இடமிருந்திருக்காது.

அடுத்த கிழமை முகாம் வாசலில் சல்லி மாமி நின்றார். கையில் பொலித்தீன் பை. உள்ளே அந்தச் சட்டை, டை, வெள்ளைப் புள்ளி. தலை திரும்ப வந்திருந்தது. ஆனால் அது சரியாக வரவில்லை. கழுத்து கொஞ்சம் நீண்டிருந்தது. முகத்தில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழுந்தது, சட்டையில் வெளிச்சம் மறுபக்கத்திலிருந்து விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார், இந்த வாசலைப் பார்த்து அல்ல, வேறெங்கோ யாரையோ பார்த்து. அம்மாவின் கையைவிட்டு ஓடிப்போய் மாமியிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. அம்மா நடையைக் கூட்டிவிட்டாள்.

அந்தக் கிழமையே எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தது. அண்ணாவுக்கு மீசை முளைத்துவிட்டிருந்தது. "இனி இவனை இஞ்ச வைச்சிருக்க ஏலாது" என்று அப்பா சொன்னார். வெளிநாட்டுக்கு அனுப்ப ஆள் பிடித்தாகிவிட்டது. சனிக்கிழமை படமெடுக்க வேண்டும்.

"மாமாட்டச் சொல்லி டை கட்டி வடிவா எடுக்கவேணும்" என்றாள் அம்மா.

இரவு படுக்கையில் அண்ணாவின் காதுக்குள் சொன்னேன். "அண்ணா, டை கட்டாத. சொல்லிப்போட்டன்."

"ஏன்டா, உனக்குக் கட்டவேணுமோ? உன்ர கழுத்தில கட்டினா ரோட்டால டைதான் நடந்து போகும். ஆளைக் காண ஏலாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவன் பகிடிக்குச் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. தம்பலகாமத்தில் பெரியப்பாவின் வயலில் ஒருமுறை மலைப்பாம்பு ஒன்று ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டு, நாட்கணக்காய் அசையாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தடியால் தட்டினாலும் ஏனென்று கேட்கவில்லை. டைக்கும் வயிறு என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும். வெள்ளிக்கிழமை அது என்னை விழுங்கினால் சனிக்கிழமை பசியிருக்காது. அண்ணா தப்பிவிடுவான். இதிலே எனக்கு என்ன லாபம் என்று நான் யோசிக்கவேயில்லை. கணக்கில் எப்போதும் நான் பலவீனம்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மாமா முன்னறை வாங்கில் படுத்து நித்திரையாகிவிட்டார். துறைமுகத்துப் பக்கமிருந்து வழக்கமாய் வரும் இரும்புச் சத்தங்கள் அன்றைக்கு இல்லை. உள்ளறையில் கண்ணாடி ஓட்டு வெளிச்சம் ஒரு துண்டாக நிலத்தில் கிடந்தது. கமராவின் கண் என்னையே பார்த்தது. டை சுவர்க் கொக்கியில் தொங்கியது. காற்றில்லை, ஆனாலும் அதன் நுனி கொஞ்சம் ஆடியது. ஆடியது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

கதிரையில் ஏறி எடுத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று பள்ளிக்கூடச் சட்டையின் கொலரில் வைத்து அழுத்தினேன். 'டக்' என்று நண்டு கடித்தது. பித்தளைப் பல் தொண்டைக் குழியில் குளிர்ந்துபோய் இருந்தது. டை என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேவரை வந்தது. கண்ணாடியில் அண்ணா சொன்னது சரியாகவே தெரிந்தது.

உடனே பயம் பிடித்துவிட்டது. கழற்ற இழுத்தேன். இன்னும் இறுகியது. மாமாவின் தட்டை ஆணியைத் தேடினேன், அகப்படவில்லை. மாமாவை எழுப்பினால் சனிக்கிழமை அண்ணா போய்விடுவான். பின்கதவால் வெளியே இறங்கிக் கடற்கரை மதிலுக்குப் போனேன். ஸ்டூடியோவுக்குள் அது நடந்தால் மாமா துப்புரவு செய்யவேண்டிவரும் என்ற நல்ல எண்ணமும் இருந்தது.

மதிலில் குந்திக் காத்திருந்தேன். தண்ணீர் அசையாமல் எண்ணெய் போலக் கிடந்தது. தூரத்தில் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கையை உயர்த்தித் தலை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இருந்தது. அடுத்த நாளுக்கென்று வைத்திருந்த டொபியையும் சாப்பிட்டேன். வைத்துப் பிரயோசனமில்லையே.

ஒரு நிழல் என் மேல் விழுந்தது.

சல்லி மாமி. முகாம் வாசலிலிருந்து பஸ்ஸுக்குப் போகிற வழி. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டையைப் பார்த்தார். குனிந்து முடிச்சில் விரலை வைத்தார். அதைக் கொஞ்சம் நேராக்கினார். தோளை நீவிவிட்டார், அந்தச் சட்டைக்குச் செய்தது போலவே. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் அது நடக்கப்போகிறது, மாமிதான் ஊட்டிவிடப்போகிறார் என்று நினைத்தேன்.

பிறகு அவருடைய கண் மேலே வந்து என்னைக் கண்டது.

"நீயா?" என்றார். "ஆர் இதைக் கொழுவிவிட்டது?"

"நான்தான் மாமி. கழட்ட ஏலாமக் கிடக்கு."

"என்னத்துக்குப் போட்டனீ?"

சொன்னேன். டை ஆட்களைத் தின்னுவது, மலைப்பாம்பின் வயிறு, அண்ணா, சனிக்கிழமை, எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "கொம்மா தேடுவா. எழும்பு" என்று என் கையைப் பிடித்தார். மீன் மணக்கும் கை, என் விரல் நோகிற அளவுக்குப் பிடித்திருந்தது.

ஸ்டூடியோவுக்குத் தெருவால் போவதென்றால் இடையில் ஒரு காவலரண். மண்மூட்டைக்குப் பின்னால் ஒரு ஆமிக்காரன், அண்ணாவைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும். என்னைக் கண்டதும் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிதாகச் சிரித்தான்.

"மஹத்தயா! கந்தோர் போறதா?" என்று துரையைக் கூப்பிடுவது போல, தெரிந்த தமிழில் கேட்டு, ஒரு சலூட் அடித்தான். கிட்ட வந்து டையின் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

மாமி பையைத் திறந்து மகனின் படத்தை எடுத்து அவன் முன்னால் நீட்டினார். சீருடை போட்ட யாரைக் கண்டாலும் அவருடைய கை தன்பாட்டில் அதைத்தான் செய்தது. "என்ர பிள்ளை, ஐயா. எங்கயாவது கண்டனீங்களோ?"

அவன் படத்தைப் பார்த்தான். பிறகு என் கழுத்தைப் பார்த்தான். மறுபடி படம். விரல் வெள்ளைப் புள்ளியில் போய் நின்றது. பிறகு என் கொலருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த நண்டின் காலைக் கண்டான். சிரிப்பு முகத்திலிருந்து கழன்று விழுந்தது.

"இது... எல்லாப் படத்திலும் இருக்கு" என்றான்.

டையைச் சூடுபட்டவன் போல விட்டான். விட்ட விரலைக் காற்சட்டையில் துடைத்தான். ஒரு அடி பின்னால் போய், போகச் சொல்லித் தலையை அசைத்தான். அந்த நிமிடத்தில் திருகோணமலையில் டையின் உண்மையை அறிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவன் நாலாம் வகுப்பு, மற்றவன் துவக்கோடு நின்றான்.

ஸ்டூடியோவில் அம்மாவும் அண்ணாவும் வந்து நின்றார்கள். மாமா என்னைக் காணவில்லை என்று ஆளனுப்பியிருக்கிறார். மாமா ஆணியைச் செருகி நண்டைத் திறந்தார். கொலர் கிழிந்தது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிப்பிடித்து அழுதாள். அண்ணா மட்டும் "பெரிய துரை கந்தோருக்கு லீவோ?" என்று கேட்டான்.

மாமா உண்மையை எனக்குச் சொல்லப் பல வருடமாயிற்று. அந்த டையை முன்பே கட்டிப் படமெடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அநேகமானவர்களுக்கு டை பிறகுதான் வந்தது. பிள்ளை காணாமல்போன தாய்மார் அவனுடைய சட்டையோடு மாமாவிடம் வருவார்கள். மாமா கம்பிச் சட்டத்தில் சட்டையை மாட்டி, டை வைத்து, படமெடுப்பார். கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ எடுத்த பழைய படத்திலிருந்து முகத்தை வெட்டி மேலே ஒட்டுவார். பென்சிலால் கழுத்தை வரைவார். டை கட்டிய பெடியன் படித்தவன், கந்தோரில் வேலை செய்கிறவன், அவனைப் பிழையாகத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று படத்தைப் பார்க்கிற அதிகாரி நினைப்பார் என்று அந்தத் தாய்மார் நம்பினார்கள். கழுத்தில்லாத சட்டையில் டை நிற்காது. அதற்குத்தான் நண்டு.

அந்தச் சனிக்கிழமை அண்ணாவுக்குப் படமெடுத்தார்கள். மாமா டையைக் கையிலெடுத்தபோது அம்மா சொன்னாள்: "வேண்டாம் தம்பி. சும்மா எடு." மாமா டையைத் திரும்பக் கொக்கியில் மாட்டினார்.

அண்ணா போனான். போய்ச் சேர்ந்துவிட்டான் என்று செய்தி வந்த அன்று, சல்லி மாமி மீனோடு வந்திருந்தார். குசினிக் கோடியில் குந்தியிருந்து அம்மாவுக்காகப் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். உலகத்தில் ஒரு உயிரைக் காப்பாற்றியவனுக்குரிய பெருமை என் நெஞ்சில் இருந்தது. அதில் மாமிக்கும் ஒரு பங்கு கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன்.

"மாமி, அண்ணா டை கட்டேல்ல. அதாலதான் தப்பினவர். உங்கட மகனும் கட்டாம விட்டிருந்தா இப்ப இஞ்ச நிண்டிருப்பார், என்ன?"

மாமி தலை நிமிரவில்லை. கத்தி மீனின் முள்ளில் நின்றது.

"அவனை வீட்டை வந்து இழுத்துக்கொண்டு போனவங்கள் நாலு பேர்" என்றார். "ஒருத்தனும் டை கட்டியிருக்கேல்லையடா."